ரோச் லைற்றைத் திறந்து பார்த்தவர்களின் வரலாறு

ரோச் லைற்றின் வரலாறு எண்டு தேடினால் எங்க பாத்தாலும் ஒரே கதைதான் வரும். 1899 ஜனவரி 10ஆம் திகதி, நியூயோர்க்கில் வாழ்ந்த டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயரின் கண்டுபிடிப்புக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இலக்கம் 617,592. உரிமை போனது கொன்ராட் ஹியூபேர்ட்டின் கம்பனிக்கு. ஹியூபேர்ட் மின்ஸ்கில் பிறந்து 1891இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அந்தக் கம்பனியிலிருந்துதான் எவரெடி என்ற பெயர் வந்தது. கதை முடிஞ்சுது.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு இந்தக் கதையில் ஒரு குறை தெரியுது. இது பல்ப்பையும் பற்றரியையும் பற்றி மட்டும்தான் பேசுது. இரண்டுக்கும் நடுவில நிண்டு, மின்னோட்டத்துக்கு "இவ்வளவு போதும்" எண்டு சொல்வது யார்? கடந்த 125 வருசத்தில் இந்தக் கேள்விக்கான பதில் பல தடவை மாறியிருக்கு. அந்தப் பதில்களில் கனக்கவற்றைக் கண்டுபிடித்தவர்கள், சாமானைக் கழற்றிப் பார்த்த சாதாரண ஆக்கள். அவர்களுக்குக் காப்புரிமை இலக்கம் கிடையாது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

இழையே காவல்காரன்

மிசெலின் ரோச் மிகவும் எளிமையானது. கடதாசிக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக உலர் மின்கலங்கள், முன்னால் ஒரு பல்ப், அதைச் சுற்றிப் பித்தளைத் தெறிப்பி. அந்தக் காலத்துக் காபன் இழை மின்சாரத்தை விழுங்கும். நாக-காபன் மின்கலமோ கெதியாகக் களைச்சுப் போகும். ஆகவே தொடர்ந்து எரியவிட ஏலாது. ஒரு கணம் அமத்தி, பாத்திட்டு, விட வேணும். அமெரிக்கர்கள் இன்றைக்கும் இதை 'ஃபிளாஷ் லைற்' எண்டு சொல்வது அந்தக் கணநேர மின்னலால்தான். நாங்கள் ஆங்கிலேயரிடமிருந்து 'ரோச்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம்.

1910 அளவில் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்ரன் உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். டங்ஸ்ரனுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. சூடாகச் சூடாக அதின்ர தடை கூடும். குளிர்ந்து கிடக்கும்போது உள்ள தடையைவிட, வெள்ளையாய் எரியும்போது பத்து மடங்குக்கும் மேல். மின்னோட்டம் கூடினால் இழை சூடாகும், சூடானால் தடை கூடும், தடை கூடினால் மின்னோட்டம் மட்டுப்படும். அதாவது இழை தனக்குத்தானே காவல். அதனால்தான் அடுத்த எழுபது எண்பது வருசம் எங்கட வீட்டு ரோச்சுகளில் பற்றரி, பல்ப், சுவிச் தவிர வேற ஒண்டும் தேவைப்படவில்லை.

பற்றரி தடைசெய்யப்பட்ட காலம்

உலகத்தில் எல்லாருக்கும் கடையில் பற்றரி கிடைத்த காலத்தில், வடக்கில் இருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையின் கீழ் வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களில் பற்றரியும் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கு வந்தது அப்போதுதான். பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் உயிர் எடுப்பதும், சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்பதும் அந்தக் காலத்தவர்களின் பேச்சில் இன்றைக்கும் வரும்.

இவற்றை 'கஸ்ரப்பட்ட காலம்' என்ற தலைப்பின் கீழ் போட்டுவிட்டு நாங்கள் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் சைக்கிள் டைனமோ ரேடியோவைக் கொஞ்சம் நிண்டு யோசியுங்கோ. டைனமோ தருவது ஆடலோட்டம். ரேடியோ கேட்பது நேரோட்டம். நடுவில் டயோட் வேணும், ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தக் கொள்ளளவி வேணும். பெடலை வேகமாக மிதிச்சால் அழுத்தம் எகிறும், அதை ரேடியோ தாங்க வேணும். இன்றைக்கு 'டிரைவர்' எண்டு சொல்லப்படுகிற சுற்றுப்பலகை தீர்க்கிற பிரச்சினையும் இதுதான்: மூலத்திலிருந்து வருகிற மின்சாரம் ஒரு மாதிரி, பாவிக்கிற பொருளுக்குத் தேவைப்படுவது இன்னொரு மாதிரி. இரண்டையும் பொருத்திவிட வேணும். கிடைத்த உதிரிப்பாகத்தில் இதைச் செய்தவர்கள் ஒரு பொறியியல் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

எல்ஈடிக்கு அளவு தெரியாது

1993இல் ஜப்பானின் நிச்சியா கம்பனி பிரகாசமான நீல எல்ஈடியை விற்பனைக்கு விட்டது. 1996இல் அதன்மேல் மஞ்சள் பொஸ்பரைப் பூசி வெள்ளை எல்ஈடி வந்தது. நீல எல்ஈடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்ஈடியின் குணம் டங்ஸ்ரனுக்கு நேர் எதிர். அது எரிய ஏறக்குறைய 3 வோல்ற் வேணும். அதற்குக் கீழே போனால் அநேகமாக இருட்டு. கொஞ்சம் மேலே போனால் மின்னோட்டம் பல மடங்காகப் பாயும். சூடானால் இன்னும் கூடப் பாயும். யாராவது பிடிச்சு நிறுத்தாவிட்டால் எரிஞ்சு போகும்.

மலிவு ரோச் செய்தவர்கள் முதலில் கண்ட வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. மூன்று சின்னப் பற்றரி போடுகிற, ஒன்பது எல்ஈடி உள்ள அலுமினிய ரோச் ஞாபகம் இருக்கா? அவற்றில் கனக்கவற்றில் ஒரு தடையிகூடக் கிடையாது. பற்றரியின் சொந்த உள்தடைதான் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தியது. பற்றரி பலவீனமாக இருந்ததால் எல்ஈடி தப்பியது.

இன்னொரு பக்கம், 1.5 வோல்ற் பற்றரி ஒன்றை வைத்து 3 வோல்ற் எல்ஈடியை எரிக்க ஏலுமா எண்டு பொழுதுபோக்காக ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். ஒரு ஃபெரைற் வளையத்தில் சுற்றிய கம்பி, ஒரு திரான்சிஸ்டர், ஒரு தடையி. இந்த மூன்றும் போதும் எண்டு 1999 நவம்பரில் ஒரு பிரித்தானிய மின்னணுவியல் சஞ்சிகையில் ஒரு குறிப்பு வந்தது. பிறகு 'ஜூல் தீஃப்', அதாவது சக்தித் திருடன் என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. செத்துப்போனது எண்டு எறிகிற பற்றரியிலிருந்தும் கடைசித் துளியை அது உறிஞ்சும். வெயிலில் பற்றரி காயவைத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் கட்டாயம் விரும்பியிருப்பார்கள்.

எட்டுச் சின்னச் சிப்

இரண்டாயிரத்துக்குப் பிறகு லிதியம் அயன் பற்றரி ரோச்சுக்குள் வந்தது. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், அதனால் 18650 என்ற பெயர். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ற். உள்தடை மிகக் குறைவு. பழைய பற்றரியின் பலவீனம் தந்த பாதுகாப்பு இதில் கிடையாது. நடுவில் ஒரு காவல்காரன் கட்டாயம் தேவைப்பட்டது.

அந்த வேலைக்கு வந்தது தாய்வானில் வடிவமைக்கப்பட்ட ஏஎம்சி7135 என்ற சிப். அரிசி மூன்று நாலைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். அது செய்வது ஒரே வேலை: 350 மில்லி அம்பியருக்கு மேல் விடாது. 1 வாற் எல்ஈடிக்கு அந்த நாளில் வழக்கமாகச் சொல்லப்பட்ட அளவு அது. இதைச் சமாந்தரமாக எத்தனையும் சேர்க்கலாம் என்பதுதான் சிறப்பு. மூன்று சிப் எண்டால் 1.05 அம்பியர். நாலு எண்டால் 1.4. எட்டு எண்டால் 2.8. சீனத் தொழிற்சாலைகள் 17 மில்லிமீற்றர் வட்டப் பலகையில் இவற்றை அடுக்கி மிக மலிவாக விற்றன.

இங்கதான் எங்கட ஆக்கள் வருகிறார்கள். மலிவு ரோச் ஒன்றின் தலையைக் கழற்றினால் உள்ளே ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கும். ஒரு பக்கம் எல்ஈடி, மறுபக்கம் டிரைவர் பலகை. பலகையின் நடுவில் உள்ள சுருள்வில் பற்றரியின் நேர் முனையைத் தொடும். பலகையின் ஓர வளையம் மறை முனை. அது கிண்ணத்தைத் தொட்டு, உடம்பு வழியாகப் பின்னாலுள்ள சுவிச்சுக்குப் போகும். கழற்றிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த முதல் விசயம், இந்த அமைப்பு கம்பனிக்குக் கம்பனி பெரிதாக மாறவில்லை என்பது. ஆகவே ஒன்றின் பலகையை இன்னொன்றுக்குப் போடலாம்.

அளவு சரியாக வராவிட்டால்? பலகை பெரிதெண்டால் ஓரத்தை அரத்தால் ராவுவார்கள், செப்புப் பாதை அறுபடாமல். சின்னதெண்டால் ஓரத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி வளையம் வைத்து ஈயத்தால் ஒட்டுவார்கள். மூன்று அம்பியர் வரை தாங்குகிற எல்ஈடி வந்தபோது 1.05 அம்பியர் பலகை பத்தவில்லை. அப்ப சிப்புக்கு மேல சிப்பை ஏற்றி, காலோடு கால் ஒட்டினார்கள். மாடி வீடு மாதிரி. சுருள்வில்லிலேயே மின்சாரம் வீணாகிறது எண்டு கண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய செப்புக் கம்பியையும் ஓடவிட்டார்கள்.

கணக்குத் தெரியாமல் செய்கிற வேலை இல்லை இது. பற்றரி 4.2 வோல்ற், எல்ஈடிக்கு 3.3 வோல்ற் போனால் மிச்சம் 0.9. அதை 2.8 அம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 2.5 வாற். அவ்வளவும் அந்தச் சின்னப் பலகையில் சூடாக மாறும். எல்ஈடியின் சூடு வேற. சூட்டை வெளியே கடத்த உடம்பில் உலோகம் போதாவிட்டால் கையும் சுடும், சிப்பும் போகும். விரல் அளவான சாதாரண 1.5 வோல்ற் பற்றரியும் 14500 என்ற லிதியம் பற்றரியும் அளவில் ஒன்றுதான், ஆனால் லிதியம் 3.7 வோல்ற். பலகை அதைத் தாங்குமா எண்டு பார்க்காமல் மாற்றினால் ஆபத்து. கடைகளில் '9900' எண்டு அடிச்சு விற்கிற 18650 பற்றரியையும் நம்பாதேங்கோ. நல்ல கம்பனிகளுடையதே பெரும்பாலும் 3500 மில்லி அம்பியர் மணி அளவில்தான் நிற்குது.

1024 பைற்றுக்குள் ஒரு உரிமை

அந்தப் பலகைகளில் பிறகு இன்னொரு சிப்பும் சேர்ந்தது: ஏரிரைனி13ஏ. எட்டுக் கால், 1024 பைற் நினைவகம். வெளிச்சத்தைக் கூட்டுவது குறைப்பது, மின்னி மின்னி எரிவது எல்லாம் அதற்குள் எழுதப்பட்ட கட்டளைகள். மலிவு ரோச்சில் சுவிச்சை அமத்த அமத்த ஒருக்கால் கூட, ஒருக்கால் குறைய, பிறகு கண்ணைக் குத்துகிற மாதிரி மின்னும். யாருக்குத் தேவை இது? பிடிக்காதவர்கள் சிப்பின் கால்களில் ஒரு கவ்வியைப் பொருத்தி, தொழிற்சாலை எழுதினதை அழித்துவிட்டுத் தங்கட கட்டளைகளை எழுதினார்கள். நிலவொளி மாதிரி மிகக் குறைந்த வெளிச்சம் சேர்த்தார்கள். பற்றரி அளவுக்கு மிஞ்சி இறங்கினால் தானாகவே மங்குகிற பாதுகாப்பைச் சேர்த்தார்கள். எழுதினதை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். இப்படிப் பாவனையாளர் ஒருவர் எழுதித் திறந்த மூலமாக விட்ட 'ஆண்டுரில்' என்ற மென்பொருளை இன்றைக்குப் பல சீனக் கம்பனிகள் தங்கட ரோச்சுகளில் போட்டே விற்கின்றன. கழற்றிப் பார்த்தவர்களின் வேலை தொழிற்சாலைக்குள் திரும்பிப் போயிருக்கு.

எழுதி வைக்காதது

இப்ப வருகிற ரோச்சுகளில் கனக்கவற்றைத் திறக்கவே ஏலாது. பசை போட்டு மூடியிருக்கும், பற்றரி உள்ளேயே ஒட்டியிருக்கும். பற்றரி செத்தால் ரோச்சும் குப்பை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 2027 பெப்ரவரியிலிருந்து அங்கே விற்கிற சாதனங்களின் பற்றரியை, சில விலக்குகள் தவிர, பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேணும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த எங்களுக்கு, திறக்க ஏலுமான ஒரு ரோச்சின் பெறுமதியைச் சட்டம் வந்து சொல்லத் தேவையில்லை.

ஆண்டுரில் எழுதப்பட்ட ஒவ்வொரு படியும் கணினிக் கோப்பில் பதிவாகிக் கிடக்கு. எந்த வரியை யார், எந்தத் திகதியில் மாற்றினார் எண்டு பார்க்கலாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் டைனமோவை ரேடியோவோடு பொருத்தினவர்களுக்கு அப்படி ஒரு கோப்பு இல்லை. எந்த டயோட்டை எங்கிருந்து கழற்றினார்கள், வேகமாக மிதிச்சால் ரேடியோ எரியாமல் என்ன செய்தார்கள், யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இதெல்லாம் இன்றைக்கு அறுபது எழுபது வயதாகிற ஆக்களின் தலைக்குள்தான் இருக்கு. ஒவ்வொரு வருசமும் அதில கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கு.

உங்கட ஊரில் ரேடியோ திருத்தினவர், சைக்கிள் கடை வைத்திருந்தவர், வீட்டில் ஏதாவது பொருத்தி ஓட்டிப் பார்த்த மாமா, பெரியம்மா யாராவது இருந்தால் போய்க் கேளுங்கோ. கதையோடு விடாமல் சுற்றுப்படத்தையும் கீறி வாங்குங்கோ. பெயர், ஊர், வருசம் எழுதுங்கோ.