இரண்டு இடங்களில் ஒரு மனிதர்

டோர்செஸ்டர் நகரத்திலிருந்து ஸ்டின்ஸ்ஃபோர்டுக்கு நடந்தே போய்விடலாம். ஃப்ரோம் ஆற்றை ஒட்டிய புல்வெளிப் பாதையில் அரை மணி நேரம். ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. சில வீடுகள், புனித மைக்கேல் தேவாலயம், அதைச் சுற்றி ஒரு கல்லறைத் தோட்டம். யூ மரத்தடியில் ஒரே குடும்பத்தின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, தங்கை மேரி என்று எல்லோரும் ஹார்டிகள். அந்த வரிசையில்தான் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியும் இருக்கிறார். ஆனால் முழுசாக இல்லை. அங்கே இருப்பது அவருடைய இதயம் மட்டும்தான்.

கூட வந்த நண்பர் கல்லில் இருந்ததைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப மிச்சம்?"

மிச்சம் லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், சாம்பலாக இருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கும் இந்தத் தேவாலயத்துக்கும் பழைய உறவு. ஆர்கன் வருவதற்கு முன்பு கிராமத்துத் தேவாலயங்களில் ஊர்க்காரர்களே வாத்தியம் வாசித்தார்கள். ஸ்டின்ஸ்ஃபோர்டில் ஹார்டியின் தாத்தா செல்லோ வாசித்தார். அப்பாவும் பெரியப்பாவும் வயலின். 1840இல் ஹார்டி பிறந்த சில வருடங்களுக்குள் அந்தக் குழு கலைந்துவிட்டது. அவர் கேட்டு வளர்ந்ததெல்லாம் அதைப் பற்றி வீட்டில் பேசிய பேச்சுதான். 1872இல் வந்த 'அண்டர் தி க்ரீன்வுட் ட்ரீ' நாவல் அதிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் கடவுள் நம்பிக்கை அவரை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் தேவாலயத்தின் மீதான பாசம் போகவில்லை. அவருடைய ஆட்கள் அங்கேதான் கிடந்தார்கள்.

எழுத்தாளராவதற்கு முன்பு அவர் கட்டடக்கலை படித்தவர். 1860களின் நடுவில் லண்டனில் ஆர்தர் ப்ளோம்ஃபீல்டின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அப்போது மிட்லண்ட் ரயில் பாதை போடுவதற்காக செயின்ட் பான்க்ராஸ் பழைய தேவாலயத்தின் கல்லறைகளைத் தோண்ட வேண்டியிருந்தது. சடலங்களை மரியாதையோடு எடுக்கிறார்களா என்று மாலை நேரங்களில் போய்ப் பார்ப்பது இளைஞர் ஹார்டியின் வேலை. ஒருநாள் ஒரு சவப்பெட்டி உடைந்து விழுந்தது. உள்ளே ஒரு எலும்புக்கூடு, இரண்டு மண்டை ஓடுகள். இரண்டு தலை மனிதனை ஞாபகம் இருக்கிறதா என்று வெகுகாலம் கழித்தும் ப்ளோம்ஃபீல்டு அவரிடம் கேட்டிருக்கிறார். தேவை வந்தால் செத்தவர்களையும் உயிரோடு இருப்பவர்கள் இடம் மாற்றிவிடுவார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே அதை நேரில் பார்த்துவிட்டார்.

மனைவி எம்மாவைச் சந்தித்ததும் ஒரு தேவாலயத்தால்தான். 1870இல் கார்ன்வாலில் செயின்ட் ஜூலியட் தேவாலயத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காகப் போன இடத்தில் பழக்கம். 1874இல் கல்யாணம். பிற்காலத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டே விலகிப் போனார்கள். எம்மா மாடியறைக்குள் ஒதுங்கிக்கொண்டார். 1912 நவம்பரில் அவர் திடீரென்று இறந்ததும் ஹார்டி உடைந்து போனார். உயிரோடு இருந்தபோது பேசாததையெல்லாம் கவிதைகளில் பேசினார். ஸ்டின்ஸ்ஃபோர்டில் அவருக்கான கல்லறையைத் தானே வடிவமைத்தார். தன் பெயருக்கும் அதில் இடம் விட்டுவைத்தார்.

1928 ஜனவரி 11ஆம் தேதி, 87 வயதில் ஹார்டி இறந்தார். பெற்றோருக்குப் பக்கத்தில், முடிந்தால் எம்மாவின் குழியிலேயே தன்னை வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் அவருடைய உயில் பொறுப்பாளரான சிட்னி காக்கரெலும் நாடகாசிரியர் ஜே. எம். பாரியும் வேறு முடிவெடுத்தார்கள். இவ்வளவு பெரிய எழுத்தாளரைக் கிராமத்தில் விட்டுவிட முடியாது, அபேதான் சரி என்றார்கள். அபேயில் இடநெருக்கடி, சாம்பலாகத்தான் கொண்டுவர வேண்டும். தம்பி ஹென்றியும் தங்கை கேட்டும் கலங்கிப் போனார்கள். இரண்டாவது மனைவி ஃப்ளாரன்ஸ் இரண்டு பக்கமும் இழுபட்டார். கடைசியில் ஸ்டின்ஸ்ஃபோர்டு பாதிரியார் ஒரு வழி சொன்னார்: இதயத்தையாவது இங்கே கொடுங்கள்.

மேக்ஸ் கேட் வீட்டிலேயே மருத்துவர் இதயத்தை எடுத்தார். உடல் வோக்கிங்கில் எரியூட்டப்பட்டது. ஜனவரி 16 மதியம் இரண்டு மணிக்கு ஒரே நேரத்தில் சடங்குகள் நடந்தன. அபேயில் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின், ராம்சே மெக்டொனால்டு, பெர்னார்ட் ஷா, கிப்ளிங், ஹவுஸ்மன் எல்லோரும் உடன் நடந்தார்கள். டோர்செட் மண்ணும் அங்கே அந்தக் குழிக்குள் போடப்பட்டது. ஃப்ளாரன்ஸும் கேட்டும் அங்கே நின்றார்கள். ஸ்டின்ஸ்ஃபோர்டில் எம்மாவின் குழியருகே ஹென்றி நின்றார். ஒரு குடும்பத்துக்கு ஒரே சாவு. அழுவதற்கும் பிரிந்து போக வேண்டியிருந்தது.

ஊரில் ஒரு கதை உண்டு. பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த இதயத்தைப் பூனை தின்றுவிட்டது, புதைத்தது வேறு எதையோ என்று. ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் கதை சாகவில்லை. தங்கள் ஆளைப் பெரிய மனிதர்கள் பங்கு போட்டுக்கொண்ட கோபம் இந்தச் சிரிப்புக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நண்பருக்கு மனசு ஆறவில்லை. "அவர் கேட்டது ஒரு குழி. அதைக்கூடக் கொடுக்கலையே" என்றார்.

கொடுக்கவில்லைதான். தேசம் தன் உரிமையை எடுத்துக்கொண்டது. ஆனால் அபேயில் அவர் டிக்கன்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அன்று உடன் நடந்த கிப்ளிங்கும் எட்டு வருடம் கழித்து அங்கேயே வந்து சேர்ந்தார். அது புகழின் அண்டை வீடு. இங்கே யூ மரத்தடியில் செல்லோ வாசித்த தாத்தா இருக்கிறார். எம்மா இருக்கிறார். 1928 முடிவதற்குள் ஹென்றி வந்தார், 1937இல் ஃப்ளாரன்ஸ், 1940இல் கேட். 1972இல் கவிஞர் செசில் டே லூயிஸும் இந்த அண்டையைத் தேடி வந்தார்.

கிளம்பும்போது கல்லில் எம்மாவின் பெயரை இன்னொரு முறை படித்தேன். கணவர் தனக்கென்று இடம் விட்டுவைத்த அந்தக் குழிக்கு, பதினைந்து வருடம் கழித்து, அவருடைய இதயம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. உயிரோடு இருந்தபோது எம்மா கேட்டுக் கிடைக்காமல் போனதும் அதுதான்.