பள்ளியிறுதிக்குப் பின்: சக்குபள்ளம் கூறும் வரலாறு

பள்ளியிறுதி வகுப்பை முடிக்கும் மாணவனை நோக்கி உலகம் கேட்கும் முதற் கேள்வி "அடுத்து என்ன?" என்பதே. சொந்த ஊரில் வேரூன்றிய குடும்பத்தில் இதற்கு விடை கூறத் தாய்மாமன் இருப்பார், சிற்றப்பன் இருப்பார், கல்லூரியில் பயின்று திரும்பிய அண்டை வீட்டுப் பிள்ளை இருப்பான். பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் குடும்பத்திலோ அக்கேள்வியின் பாரம் முழுவதும் மாணவனின் தோளிலேயே இறங்குகின்றது. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, இதனை மாற்ற நாட்டில் என்னென்ன முயற்சிகள் நடைபெற்றன, அவை எவ்விடத்தில் நின்றுபோயின என்பவற்றை இங்கு ஆராய்வோம். அதற்கு எடுத்துக்காட்டாகக் கேரள எல்லையிலுள்ள ஏலமலைச் சிற்றூரான சக்குபள்ளத்தைக் கொள்வோம்.

தொழிலைத் தேர்ந்தெடுக்க இளைஞருக்கு முறையாக வழிகாட்ட வேண்டும் என்னும் கருத்து, குடியேறிய மக்களிடையேதான் உருப்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் நெருங்கி வாழ்ந்த பகுதியில், பிராங்க் பார்சன்ஸ் என்பார் 1908-ஆம் ஆண்டில் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை நிறுவினார். அவர் கூறிய முறை எளியது. முதலாவது, இளைஞன் தன்னுடைய ஆற்றலையும் விருப்பத்தையும் குறைகளையும் அறிதல் வேண்டும். இரண்டாவது, தொழில்களின் இயல்பையும் அவற்றிற்கு வேண்டிய தகுதியையும் ஊதியத்தையும் அறிதல் வேண்டும். மூன்றாவது, இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். அந்த ஆண்டிலேயே அவர் மறைந்தார். அவருடைய நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது. அவர் வகுத்த மூன்று படிகளும் இன்றுவரை பயன்படுகின்றன.

இந்தியாவில் இக்கருத்து பெருநகரங்களில் முதலில் கால்கொண்டது. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் 1938-ஆம் ஆண்டிலும், பம்பாயில் 1941-ஆம் ஆண்டிலும், அலகாபாத்தில் 1947-ஆம் ஆண்டிலும் இதற்கான நிலையங்கள் தோன்றின. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-ஆம் ஆண்டில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மாணவர்க்கு வழிகாட்டுதலைப் பற்றித் தனி அதிகாரமே எழுதியது. பயிற்சி பெற்ற வழிகாட்டும் ஆசிரியர்கள் பள்ளிகளுக்கு வேண்டுமென்று வற்புறுத்தியது. 1954-ஆம் ஆண்டில் மத்திய அரசு டில்லியில் கல்வி, தொழில் வழிகாட்டு நிலையத்தை அமைத்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழுவோ, வழிகாட்டுதல் தொடக்கப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்றது. திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் நகரத்து நிலையத்திற்கும் மலையோரத்துப் பள்ளிக்கும் இடையிலிருந்த தொலைவு எளிதில் குறையவில்லை.

இனி மலையோரத்திற்குச் செல்வோம். இடுக்கி மாவட்டத்தில், உடும்பஞ்சோலை வட்டத்தில், குமுளிக்கு அண்மையில் உள்ளது சக்குபள்ளம். ஆனைக்கரையும் செல்லார்கோவிலும் இவ்வூராட்சியைச் சார்ந்தவை. செல்லார்கோவில் முகட்டில் நின்று கிழக்கே நோக்கினால், கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தோப்புகளும் காலடியில் விரிந்து கிடக்கும். மேலே ஏலக்காடு, கீழே தமிழகத்துச் சமவெளி. ஏலக்காய் எடுக்கவும், களை பறிக்கவும், செடிகளைப் பேணவும் கீழிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக மலையேறி வந்தனர். சிலர் மலையிலேயே தங்கிக் குடியாயினர். இன்றும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஜீப்புகளில் வந்து மாலையில் வீடு திரும்புவோர் பலர்.

அரசியல் வரலாற்றில் இம்மலை பலமுறை பெயர் மாறியது. முதலில் திருவிதாங்கூர்; 1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் திருவிதாங்கூர்-கொச்சி; 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் கேரளம். தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் எம்மாநிலத்தைச் சேர வேண்டும் என்பது பற்றி அக்காலத்தில் பெரும் வாதம் நடந்தது. முடிவில் அவை கேரளத்திலேயே நிலைத்தன. 1972-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி இடுக்கி மாவட்டம் தோன்றியது.

மேற்கூறிய 1956 நவம்பர் 1-ஆம் தேதியை நாம் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். அன்று மாநில எல்லைகள் மட்டும் மாறவில்லை. அரசியலமைப்பின் ஏழாவது திருத்தமும் அன்றே நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தம் சேர்த்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் எனக் கூறுகின்றது. அதே நாளில், அதுவரை மத்திய அரசு நடத்திவந்த வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிருவாகமும் மாநில அரசுகளின் கைக்குச் சென்றது. ஆகவே ஏலமலைத் தமிழ்ச் சிறுவன் ஒரே நாளில் மொழிச் சிறுபான்மையினன் ஆகவும் உறுதி பெற்றான். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் பாதுகாப்பையும் பெற்றான். வேலைக்கு வழிகாட்டும் அலுவலகமோ வேறொரு மொழியில் பேசும் நிருவாகத்தின் கீழ் அமைந்தது.

தோட்டத் தொழிலாளர் சட்டமும் இங்கு நினைக்கத்தக்கது. 1951-ஆம் ஆண்டின் அச்சட்டம், ஒரு தோட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் இருபத்தைந்துக்கு மேற்பட்டிருப்பின் அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைப் பணிக்க மாநில அரசுக்கு இடமளித்தது. இது பெரும் நன்மையே. எனினும், சட்டத்தின் கை பன்னிரண்டு வயதோடு நின்றது; அரசியலமைப்பின் கை தொடக்கக் கல்வியோடு நின்றது. பதினைந்து வயதிலும் பதினேழு வயதிலும் வாழ்வின் திசையைத் தீர்மானிக்க நேரும்போது பிள்ளையின் கையைப் பிடிக்க எந்தச் சட்டமும் இல்லை. இந்த இடைவெளியே நம் கட்டுரையின் மையம்.

கல்லூரிகள் இல்லாமையால் இடைவெளி நேர்ந்தது என்று கூறலாமா? முன்னாளில் அது உண்மை. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881-ஆம் ஆண்டிலேயே தோன்றியதாயினும், ஏலக்காட்டுக் கூலிக் குடும்பத்துக்கு மதுரை எட்டாத ஊராகவே இருந்தது. பின்னர்க் கல்லூரிகள் மெல்ல மலையை நெருங்கின. 1956-ஆம் ஆண்டில் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி எழுந்தது. 1966-ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக் கழகம் நிறுவப்பெற்றது. 1977-ஆம் ஆண்டில் கட்டப்பனையிலேயே அரசினர் கல்லூரி தொடங்கியது. 1983-ஆம் ஆண்டில் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றைய மகாத்மா காந்திப் பல்கலைக் கழகம் பிறந்தது. பாலக்காட்டுப் பகுதியில் 1947-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிற்றூர் அரசினர் கல்லூரி, கேரள மண்ணிலேயே தமிழிலக்கியம் பயிலத் துணை நிற்கின்றது. தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. கேரளத்தில் கல்லூரிகளில் இருந்துவந்த பிரிடிகிரி வகுப்பு, 1990-91 தொடங்கிப் படிப்படியாகப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பாக மாறியது. இவ்வாறு கல்லூரி வாயில் அருகில் வந்துவிட்டது. ஆயினும் அவ்வாயிலைக் கடக்க மூன்று தடைகள் உள.

முதல் தடை மொழி. எல்லைப் பகுதியில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் கற்பிக்கும் பள்ளிகள் உண்டு. அதன்பின் மேல்நிலை வகுப்பில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திற்கு மாறிவிடுகின்றன. அறிவுக் குறைவினால் அன்றி, திடீர் மொழிமாற்றத்தாலேயே பல நல்ல மாணவர்கள் பின்தங்குகின்றனர். எட்டாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலக் கலைச்சொற்களைத் தமிழோடு சேர்த்துக் கற்பித்தால் இத்தடை பாதியாகக் குறையும். மலையாளத்தையும் புறக்கணித்தல் ஆகாது. வாழும் மாநிலத்தின் மொழியை எழுதப் படிக்க அறிந்தவனுக்கே அங்குள்ள அலுவலகமும் மருத்துவமனையும் வங்கியும் வேலை தரும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை உறுதியாகவே கூறலாம்: இரு மொழிகளைச் செவ்வனே அறிந்தவனுக்கு இரண்டும் வலுவூட்டுமேயன்றி, ஒன்று மற்றொன்றை விழுங்குவதில்லை. உரிமைகளையும் அறிந்திருத்தல் நன்று. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையோர் மாநில அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்துச் செய்ய இடமளித்தது. பொறியியற் படிப்புக்கான அனைத்திந்திய முதன்மைத் தேர்வை 2021-ஆம் ஆண்டு முதலும், மத்தியப் பல்கலைக் கழகங்களின் பொது நுழைவுத் தேர்வை 2022-ஆம் ஆண்டு முதலும் தமிழில் எழுத வழி ஏற்பட்டது.

இரண்டாம் தடை சான்றிதழ். இதுவே பெரும்பாலோர் கடைசி நாளில் கண்டு திகைக்கும் தடை. பட்டியல் வகுப்பினர் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி வெளியாயிற்று. அப்பட்டியல் மாநிலந்தோறும் வேறுபடும். அந்நாளில் குடும்பம் எம்மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ அதனைக் கொண்டே உரிமை கணிக்கப்படுகின்றது. பிற்காலத்தில் வேறு மாநிலத்தில் குடியேறியவர், புதிய மாநிலத்தின் சலுகையைக் கோர இயலாது என்று 1990-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே பாட்டனார் மலையேறிய ஆண்டு எது என்பது பேரனின் கல்லூரி இடத்தையும் உபகாரச் சம்பளத்தையும் தீர்மானிக்கும் செய்தியாகிவிடுகின்றது. 1950-க்கு முன்னரே வந்த குடும்பமாயின், பழைய தோட்டப் பேரேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு போன்ற சான்றுகளைத் தேடி வைத்தல் வேண்டும். பின்னர் வந்த குடும்பமாயின், தந்தையின் சொந்த மாநிலத்துச் சான்றினைக் கொண்டு அம்மாநிலத்திலும், மத்திய அரசின் கல்வி நிலையங்களிலும் வேலைகளிலும் உரிமை கோர இடமுண்டு. எந்தக் கதவு திறக்கும், எது திறவாது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே அறிந்தவன் வீணாக அலையமாட்டான். தேர்வு முடிவு வந்தபின் வட்ட அலுவலகத்திற்கு ஓடுபவனுக்கோ விண்ணப்ப நாள் காத்திருப்பதில்லை.

மூன்றாம் தடை தொழிலறிவின்மை. பிள்ளை மருத்துவனாக வேண்டும், இல்லையேல் பொறியியல் அறிஞனாக வேண்டும், அதுவும் இல்லையேல் தோட்டத்திற்கே போகட்டும் என்று எண்ணும் பெற்றோர் பலர். நடுவில் எத்தனையோ வழிகள் உள. தாய் தந்தையர் நாள்தோறும் தொடும் ஏலச்செடியே பெரும் படிப்பாகும். பாம்பாடும்பாறையில் 1956-ஆம் ஆண்டு முதல் ஏல ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. மயிலாடும்பாறையில் 1978-ஆம் ஆண்டு முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஏலக்காய் விற்பனை புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலமுறையில் நடைபெறுகின்றது. வேளாண்மை, தாவரவியல், வணிகவியல், கணக்கியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகிய படிப்புகள் யாவும் இம்மலையோடு தொடர்புடையவை. செவிலியர் படிப்பு, தொழிற்பயிற்சி நிலையங்களின் மின்பணி, இயந்திரப் பணி, ஆசிரியப் பயிற்சி, மொழிபெயர்ப்பு ஆகியனவும் மதிப்புடைய வழிகளே.

தந்தையின் தொழிலே மைந்தனுக்கும் நிலைக்கும் என்று நம்பியிருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதற்குக் கோலார் தங்கவயல் சான்று. நூறாண்டுக்கு மேலாகப் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களை வாழ்வித்த அச்சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பெற்றது. கல்வியை முன்னரே பற்றிக்கொண்ட குடும்பங்கள் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் புதுவாழ்வு கண்டன. ஏனையோர் நாள்தோறும் நெடுந்தொலைவு ரயிலேறிக் கூலி தேடலாயினர். ஏலக்காய் விலையும் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஒரே பயிரின் விலையை நம்பி ஒரு தலைமுறையின் வாழ்வை வைத்தல் தகாது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின், செய்ய வேண்டுவன தெளிவாகும். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரேனும் இப்பொறுப்பை மேற்கொள்ளல் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சான்றுகளைச் சரிபார்த்தலும், பத்தாம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேர்தலும், பதினோராம் வகுப்பில் கல்லூரிகளையும் செலவையும் உபகாரச் சம்பளங்களையும் பட்டியலிடுதலும், பன்னிரண்டாம் வகுப்பில் விண்ணப்பித்தலும் என்று நான்காண்டுப் பணியாக இதனை வகுத்துக்கொள்ளலாம். அவ்வூரிலிருந்து கல்லூரிக்குச் சென்ற பழைய மாணவர்கள் ஆண்டுக்கொரு நாள் பள்ளிக்கு வந்து தாம் சென்ற வழியை எடுத்துரைத்தால், அது நூறு துண்டுப் பிரசுரங்களுக்கு ஈடாகும். பெண்மக்கள் திறத்தில் இன்னும் கருத்து வேண்டும். விடுதி எங்குள்ளது, பேருந்து எந்நேரம் கிடைக்கும் என்னும் இரண்டு செய்திகள் தெரியாமையாலேயே நின்றுபோன படிப்புகள் பல.

அரசுகளும் இன்று முன்வந்துள்ளன. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. கேரளத்து மேல்நிலைப் பள்ளிகளிலும் வழிகாட்டுப் பிரிவு உண்டு. இருப்பினும், எல்லையில் வாழும் பிள்ளை இரு மாநிலங்களின் விதிகளையும் ஒருங்கே அறிய வேண்டியவன். ஒரு மாநிலத்தின் வழிகாட்டி மற்றொரு மாநிலத்தின் விதிகளையும் எடுத்துரைப்பார் என்று எதிர்பார்த்தல் இயலாது. அப்பணியை ஊரில் படித்தவர்களும், தமிழ்ச் சங்கங்களும், நூலகங்களுமே ஏற்றல் வேண்டும்.

சக்குபள்ளத்திற்குக் கூறியது தாராவிக்கும் பத்ராவதிக்கும் டில்லிக்கும் பொருந்தும். மாநிலத்தின் பெயரும் மொழியும் மாறலாம். மொழி, சான்று, தொழிலறிவு என்னும் மூன்றும் எங்கும் மாறா. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் ஒரு பிள்ளையையேனும் அழைத்து, அதன் சான்றுகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராயின், பள்ளியிறுதி நாளில் "அடுத்து என்ன?" என்னும் கேள்விக்கு அப்பிள்ளை தயங்காது விடை கூறும். சட்டம் விட்ட இடைவெளியைச் சுற்றத்தார் நிரப்புதல் தமிழ் மரபே ஆகும்.