மாட்டின் இரவிடம்

இரவில் கிராமத்துச் சாலையில் படுத்திருக்கும் மாட்டின் மீது பைக் மோதி ஓர் உயிர் போனால், மாட்டுக்காரரின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அலட்சியம் இல்லாமலில்லை. ஆனால் தமிழ்நாட்டில் மாட்டின் இரவுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அறுவடை முடிந்த வயலில் மாடுகளை இரவில் அடைத்துக் கிடை போடுவார்கள். விடிவதற்குள் விழும் சாணமும் மூத்திரமும்தான் அடுத்த போகத்துக்கு உரம். அதற்காக நிலக்காரர் கிடைக்காரருக்குக் கூலி கொடுத்தார், காவலுக்கு ஆளும் விழித்திருந்தார். யூரியா மூட்டை வந்த பிறகு அந்த மதிப்பு சரிந்தது. மேய்ச்சலுக்கான பொது நிலமான மேய்க்கால் புறம்போக்கும் பல ஊர்களில் சுருங்கிவிட்டது. மாட்டின் இரவு சாலைக்கு வந்தது.

அந்தக் காலத்திலும் மாடுகள் அவிழ்ந்து திரியவில்லையா என்று கேட்கலாம். திரிந்தன, 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமே அதற்குச் சாட்சி. அந்தச் சட்டம் சாலையில் திரியும் மாட்டையும் பிடித்துப் பட்டியில் அடைக்கச் சொன்னது உண்மை. என்றாலும் அதன் முதல் கவலை பயிர்ச்சேதம். சாலையைக் கால்வாய், கரைகளோடு சேர்த்தே அது பேசியது. அச்சுக்கடியில் விளக்கு ஆட, மாட்டுவண்டி நடைவேகத்தில் போன காலம் அது. எதிரே எருமை நின்றால் வண்டிமாடே நின்றுவிடும். இன்று 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. மழைக்காலத்தில் சுற்றுமண் சேறாகிக் கிடக்க, தார் மட்டும் காய்ந்து, பகல் வெயிலின் சூட்டோடு இருக்கிறது. கறுத்த எருமை அதில் முதுகைக் காட்டிப் படுத்தால், விளக்கொளியில் மின்னக் கண்கூடத் தெரியாது.