பூஜ்யம் என்று பதில் சொன்ன வாசல்

வேர்ட்பிரஸ்ஸில் கொஞ்ச நாள் கைவைத்த யாரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் பத்து வரி எழுதி, பக்கத்தை மறுபடி ஏற்றாமலே சர்வரிடம் ஏதோ ஒன்றைக் கேட்டு அனுப்புவோம். பதில் வரும். திறந்து பார்த்தால் உள்ளே வெறும் 0. அவ்வளவுதான். என்ன தப்பு, எந்த வரியில் தப்பு, ஒன்றும் இருக்காது.

எனக்கு இது நடந்தது நண்பர் ஒருவரின் பயிற்சி வகுப்புக்குத் தளம் செய்து கொடுத்தபோது. மாணவர் பெயரைப் பதிவு செய்ய ஒரு பொத்தான், பட்டியலில் இருந்து பெயரை நீக்க இன்னொரு பொத்தான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் 0தான். ஒரு பெயரில் ஒரேயொரு எழுத்து விட்டுப்போயிருந்தது என்று கண்டுபிடித்துத் திருத்தினால், இப்போது -1! அதையும் எப்படியோ சரிபண்ணி, ரெண்டு பொத்தானும் வேலை செய்ய ஆரம்பித்ததும் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன். ரொம்ப நாள் கழித்து அந்த 0, -1 எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

வேர்ட்பிரஸ் பிறந்தது 2003 மே மாதம். பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளில் இருந்து மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் பிரித்தெடுத்து வளர்த்தது. வெளியில் இருந்து அதனுடன் பேச அப்போதே ஒரு வாசல் இருந்தது. அதன் பெயர் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, 1998இல் டேவ் வைனரும் மைக்ரோசாஃப்ட்காரர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை. ஆனால் அது பிரவுசருக்கான வாசல் இல்லை. கணினியில் தனியாக நிறுவிய எழுது மென்பொருளில் பதிவை எழுதிவிட்டு, அங்கிருந்தே தளத்துக்கு அனுப்புவதற்கானது. விண்டோஸ் லைவ் ரைட்டர் நினைவிருக்கிறவர்கள் கை தூக்கலாம். ஒவ்வொரு முறையும் பயனர் பெயர், கடவுச்சொல் ரெண்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். நாகரிகமான ஏற்பாடு இல்லைதான். ஆனால் "கேட்கிறது யாரு?" என்ற கேள்வி அந்த வாசலிலேயே கேட்கப்பட்டுவிடும். இதை நினைவில் வெச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

பிரவுசருக்குள் இருந்து பேசும் வித்தை வேறு இடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்டில் அவுட்லுக்கை வலைப்பக்கமாக ஆக்கும் வேலையில் இருந்த குழுவுக்கு, ஒவ்வொரு அஞ்சலுக்கும் முழுப் பக்கத்தையும் ஏற்றாமல் சர்வரிடம் கேட்க ஒரு வழி வேண்டியிருந்தது. அலெக்ஸ் ஹாப்மன் எழுதிய அந்தத் துண்டு 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உடன் வெளியானது. எக்ஸ்எம்எல் நூலகத்தின் பெட்டிக்குள் வைத்து அனுப்பியதால் அதன் பெயரிலும் எக்ஸ்எம்எல் ஒட்டிக்கொண்டது: எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட். எக்ஸ்எம்எல் மட்டுமல்ல, எதை வேண்டுமானாலும் அதில் அனுப்பலாம். 2004இல் ஜிமெயில் வந்து, 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் "அஜாக்ஸ்" என்று பெயர் வைத்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

வேர்ட்பிரஸ் இதற்கென்று தனி வாசல் வைத்தது 2007 ஜனவரியில், 2.1 பதிப்பில். எழுதிக்கொண்டிருக்கும்போதே பதிவு தானாகச் சேமிக்கப்படும் வசதி அந்தப் பதிப்பில்தான் வந்தது. நிர்வாகப் பகுதிக்குள் அட்மின்-அஜாக்ஸ் என்று ஒரே ஒரு பிஎச்பி கோப்பு. ஜாவாஸ்கிரிப்ட் எதைக் கேட்டாலும் அங்கேதான் வர வேண்டும். வரும்போது "ஆக்ஷன்" என்ற பெயரில் தன் காரியத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய செருகுநிரல் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு முன்னொட்டைச் சேர்த்து, "இந்தப் பெயர் சொல்லி வந்தா என் ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று பதிந்து வைத்திருந்தால் அது ஓடும். யாரும் பதியாத பெயரைச் சொன்னால்? கோப்பு கடைசி வரிக்கு வந்து 0 என்று சொல்லி முடித்துக்கொள்ளும். உங்கள் ஃபங்ஷன் வேலையை முடித்துவிட்டு அங்கேயே நிறுத்தாவிட்டாலும் கதை அதே கடைசி வரிக்கு வரும், சரியான பதிலின் வாலில் ஒரு 0 ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்த பூஜ்யம்!

அந்த வாசல் முதலில் உள்ளே நுழைந்தவர்களுக்கு மட்டும்தான். சும்மா படிக்க வந்த வாசகரின் பிரவுசர் எதையாவது கேட்க வேண்டுமானால் வழியில்லை. நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? செருகுநிரல் கோப்புறையில் தனி பிஎச்பி கோப்பு ஒன்றை வைத்து, நாலு படி மேலே ஏறி வேர்ட்பிரஸ்ஸின் தொடக்கக் கோப்பை இழுத்துக்கொள்வது என்று ஒரு பழக்கம் பரவியது. யாருடைய தளத்தில் கோப்புறை அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கிறதோ, அங்கே உடையும். 2009இல் 2.8 பதிப்பு இதற்காக இன்னொரு முன்னொட்டைக் கொடுத்தது: நோபிரிவ். அதாவது, எந்த உரிமையும் இல்லாதவர் வந்தாலும் இதை ஓட்டு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அதை எழுதும்போது அப்படியா படிக்கிறோம்? "இந்த வரியையும் சேர்த்தா 0 வராது" என்றுதான் படிக்கிறோம். நானும் அப்படித்தான் சேர்த்தேன், ரெண்டு பொத்தானுக்கும்.

இப்போது -1. அது நான்ஸ் என்ற சீட்டின் பதில். வேறொரு தளத்தில் மறைத்து வைத்த இணைப்பை நீங்கள் அழுத்திவிட, உங்கள் பெயரிலேயே உங்கள் பதிவு அழிந்துபோகும் ஒரு மோசடி உண்டு. அதைத் தடுக்க 2006இல் 2.0.3 பதிப்பில் இந்தச் சீட்டு வந்தது. பக்கத்தை அனுப்பும்போதே சர்வர் ஒரு சீட்டையும் கொடுத்தனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட் திரும்பி வரும்போது அதைக் காட்ட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் -1.

குழப்பம் இங்கேதான். கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருவார்கள். இந்தச் செருப்பு இங்கே விடப்பட்டது என்பதற்கு அது சாட்சி. அதைக் காட்டிக் கருவறைக்குள் போக முடியுமா? நான்ஸும் அப்படித்தான். இந்தக் கோரிக்கை நம் பக்கத்தில் இருந்து கிளம்பியது என்று மட்டும் சொல்லும். கேட்பவருக்கு அதைச் செய்ய அதிகாரம் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு "கரண்ட் யூசர் கேன்" என்ற தனி ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பெயர்கூட கொஞ்சம் ஏமாற்றுகிறது. ஒரே முறை பயன்படும் எண் என்று பொருள்படும் சொல், ஆனால் வேர்ட்பிரஸ்ஸில் அது ஒரு நாள் வரை செல்லும். உள்ளே நுழையாத வாசகர்கள் எல்லோருக்கும், ஒரு காரியத்துக்குக் கிடைப்பது ஒரே சீட்டு. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு இன்னொரு பெயர்க் குழப்பம். "இஸ் அட்மின்" என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. வந்திருப்பவர் நிர்வாகியா என்று கேட்பதாகத் தோன்றும். அது கேட்பது, இந்தக் கோரிக்கை நிர்வாகப் பகுதிக்கு வந்ததா என்பதை. அட்மின்-அஜாக்ஸ் இருப்பதே நிர்வாகப் பகுதியில்தான், அதனால் தெருவில் போகிறவர் கேட்டாலும் அது "ஆமாம்" என்றே சொல்லும். இதைக் காவலாக நம்பி எழுதப்பட்ட செருகுநிரல்கள் நிறைய அடிவாங்கின. 2018 நவம்பரில் டபிள்யூபி ஜிடிபிஆர் கம்ப்ளையன்ஸ் என்ற செருகுநிரலில் வந்த ஓட்டையில் அதிகாரச் சோதனையே இல்லை. அட்மின்-அஜாக்ஸ் வழியாகத் தளத்தின் அமைப்புகளையே மாற்ற முடிந்தது. தாக்கியவர்கள் புதியவர் பதிவைத் திறந்துவிட்டு, பதிவு செய்கிறவர்களுக்குத் தானாகக் கிடைக்கும் பொறுப்பை "நிர்வாகி" என்று மாற்றிவிட்டு, சாவகாசமாகப் பதிவு செய்துகொண்டு உள்ளே வந்தார்கள். தனியுரிமைச் சட்டத்தைப் பின்பற்ற உதவும் செருகுநிரல் அது.

செருகுநிரல் எழுதுகிறவர்களைத்தான் குறை சொல்ல வேண்டுமா? 2017ஐப் பாருங்கள்.

அதற்குள் புது வாசல் வந்திருந்தது. ரயன் மெக்யூ 2013இல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் தொடங்கிய வேலை அது. 0, -1 எல்லாம் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி, பதில் ஒழுங்கான ஜேசானில், தவறு நடந்தால் என்ன தவறு என்று சொல்லும் ரெஸ்ட் ஏபிஐ. அதன் அடித்தளம் 2015 டிசம்பரில் 4.4 பதிப்பிலும், பதிவுகளைப் படிக்க, திருத்த உதவும் முகவரிகள் 2016 டிசம்பரில் 4.7 பதிப்பிலும் மையத்துக்குள் வந்தன.

ஒன்றரை மாதம்தான் ஆகியிருக்கும். சுக்குரி நிறுவனத்தின் மார்க்-அலெக்ஸாண்டர் மொன்பா ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். பதிவைத் திருத்தும் முகவரியில் பதிவின் எண் வரும், அங்கே இலக்கங்கள் மட்டும்தான் செல்லும். ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் இன்னொரு தடவை எண்ணைக் கொடுத்தால், அது முதல் எண்ணை மிதித்துவிடும். அங்கே 123ஏபிசி என்று எழுதினால்? அதிகாரம் சோதிக்கும் ஃபங்ஷன் 123ஏபிசி என்ற பதிவைத் தேடும். அப்படி ஒரு பதிவே இல்லை. பதிவு இருந்தால்தானே தடுக்க வேண்டும் என்று "சரி, போ" என்றுவிடும். அடுத்து வரும் திருத்தும் ஃபங்ஷன் அதே 123ஏபிசியை முழு எண்ணாக மாற்றும். பிஎச்பியில் அது 123 ஆகிவிடும். 123ஆம் பதிவு கடவுச்சொல் எதுவும் இல்லாமல் திருத்தப்படும். ஒரே பெயரை வாசல்காரரும் உள்ளே இருப்பவரும் வேறு வேறாக வாசித்ததில் வந்த வினை.

2017 ஜனவரி 26 அன்று 4.7.2 பதிப்பில் சத்தமில்லாமல் அடைத்தார்கள். தளங்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, பிப்ரவரி 1 அன்றுதான் விஷயத்தை வெளியில் சொன்னார்கள். அப்படியும் புதுப்பிக்காத தளங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சில நாட்களில் சிதைக்கப்பட்டன. அடைத்துவிட்டு ஒரு வாரம் வாய்மூடி இருந்தது சரியா என்று அப்போது விவாதம் நடந்தது. சரி என்பதே என் எண்ணம். சொல்லியிருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

புது வாசலில் நம் சொந்த முகவரியைப் பதியும்போது, "பர்மிஷன் கால்பேக்" என்று யாரை அனுமதிக்கலாம் எனச் சொல்லும் ஃபங்ஷனுக்கு ஓர் இடம் உண்டு. பல காலம் அதை விட்டுவிட்டாலும் முகவரி எல்லோருக்கும் திறந்தே வேலை செய்தது. 2020 ஆகஸ்ட்டில் 5.5 பதிப்பு முதல்தான் அதை எழுதாவிட்டால் எச்சரிக்கை வந்தது. எல்லோருக்கும் திறக்க வேண்டுமானால் "ஆம்" என்று மட்டும் திருப்பிச் சொல்லும் ஒரு ஃபங்ஷனின் பெயரை அங்கே வெளிப்படையாக எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. எச்சரிக்கை போனால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

இதையெல்லாம் படித்துவிட்டு நண்பரின் தளத்தில் நான் எழுதியதைத் திறந்தேன். பெயரை நீக்கும் பொத்தானுக்கும் நோபிரிவ் வரி இருந்தது. நான்ஸ் சோதனை இருந்தது. அதிகாரச் சோதனை இல்லை. பொத்தான் நிர்வாகிக்கு மட்டும்தான் தெரியும், ஆனால் சீட்டு பொதுப் பக்கத்தில் கிடந்தது. மூணு வருஷம், மாணவர் எண்ணைச் சொல்லி யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் அழித்திருக்கலாம். நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து, தளத்தில் இருந்த பட்டியலுடன் ஒவ்வொரு பெயராக ஒப்பிட ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. எல்லாப் பெயரும் இருந்தது. நான் அந்த நோபிரிவ் வரியை எடுத்துவிட்டு, அதிகாரம் கேட்கும் வரியைச் சேர்த்தேன். ரெஸ்ட் ஏபிஐக்கு மாற்றவில்லை. அந்தத் தளம் இன்றைக்கும் அட்மின்-அஜாக்ஸ் வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது.