எண்ணெய் படிந்த உவர்ச்சதுப்புகளின் புனருத்தாரணம்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

கடல் ஓதம் ஏறியும் வற்றியும் வளர்க்கின்ற உவர்ச்சதுப்பு நிலத்தில் கப்பல் எண்ணெய் வந்து படிந்தால், அதனை எவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் அகற்றுகிறோமோ அவ்வளவுக்கு நிலம் நலம்பெறும் என்பது, இந்த விஷயத்தில் அநுபவம் முதிராதிருந்த காலத்தில் அரசாங்கங்களும் பொதுமக்களும் ஒருங்கே கொண்டிருந்த நம்பிக்கையாகும். அந்த நம்பிக்கை எவ்வாறு தளர்ந்தது என்பதையும், அழுக்கைத் துடைப்பது வேறு, நிலத்தை மீட்பது வேறு என்ற தெளிவு எவ்வாறு பிறந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் எச்சரிக்கை பாறைக் கரையிலிருந்து வந்தது. 1967 மார்ச்சு 18-ஆம் தேதி இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்துக்கு அப்பால் டாரி கேனியன் என்னும் கப்பல் பாறையில் மோதியபோது, எண்ணெயைக் கலைப்பதற்கென்று சுமார் 10,000 டன் ரசாயனத் திரவம் தெளிக்கப்பட்டது. அக்காலத்துத் திரவமோ எண்ணெயினும் கொடிய விஷமாயிருந்தது. திரவம் படாத பாறைகள் சில ஆண்டுகளில் பழைய நிலையை அடைந்தன. பட்ட பாறைகளுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.

இரண்டாவது பாடம் சேற்றுக்குள்ளிருந்து கிடைத்தது. 1969 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட் ஃபால்மவுத் ஊரை அடுத்துத் தரைதட்டிய ஃபுளோரிடா என்ற பார்ஜிலிருந்து ஏறக்குறைய ஏழு லட்சம் லிட்டர் எரியெண்ணெய் கசிந்து, வைல்ட் ஹார்பர் சதுப்பில் புகுந்தது. அருகிலேயே வுட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையம் இருந்தமையால், மாக்ஸ் புளூமர், ஹோவர்ட் சாண்டர்ஸ் முதலிய விஞ்ஞானிகள் உடனடியாக ஆராய்ச்சியில் இறங்கினர். விசேஷம் என்னவெனில், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும், மேலே புல் பசுமையாய்ச் செழித்திருக்க, காற்றுப் புகாத கீழ்ச்சேற்றில் அந்த எண்ணெய் அழியாமலே கிடந்தது. அங்கு வளை தோண்டிய நண்டுகள் எண்ணெய்ப் படலத்தை எட்டியதும் ஆழச் செல்லாமல் பக்கவாட்டில் திரும்பின.

இவ்வளவுக்கும் பிறகு நிகழ்ந்ததே 1978-ஆம் ஆண்டின் பெருஞ்சம்பவம். மார்ச்சு 16 அன்று, சுக்கான் பழுதுற்ற அமோகோ காடிஸ் கப்பல் பிரான்சின் பிரித்தானி கரையில் போர்ட்சால் பாறைகளில் சிக்கி, தான் சுமந்து வந்த 2,20,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் முழுவதையும் கடலில் கொட்டியது. அதில் ஒரு பகுதி கிழக்கே மிதந்து சென்று ஈல் கிராந்த் என்னும் தீவையொட்டிய சதுப்பில் கனமாகத் தேங்கியது. நம் கழிகளில் காணும் உமரிக்கு உறவான செடிகளும், உவர்நீர்ப் புல்வகைகளும் அடர்ந்திருந்த அந்நிலத்தில் ராணுவ வீரர்களும் கனரக யந்திரங்களும் இறக்கப்பட, எண்ணெயோடு சேர்த்து மண்ணும் வாரப்பட்டது. சில இடங்களில் அரை மீட்டர் ஆழம் வரை.

அந்த அரை மீட்டரின் பொருளை உணர வேண்டுமானால் சதுப்பின் அமைப்பை அறிய வேண்டும். ஓதம் எவ்வளவு நேரம் நின்று வடிகிறது என்பதைப் பொறுத்தே எந்தச் செடி எங்கு வளரும் என்பது நிர்ணயமாகிறது. மாடிப்படி போன்ற அந்த ஒழுங்கில் ஒரு சாண் தாழ்ந்தாலும் மேற்படிச் செடி நீரில் மூழ்கி மடியும். ஈல் கிராந்தில் மண் தாழ்ந்தது, வாய்க்கால்கள் அகன்றன, நீரோட்டம் கரைகளை அரித்தது, வேரும் விதையும் ஏற்கெனவே மண்ணோடு போய்விட்டன. வட கரோலினாவில், தூர்வாரிக் கொட்டிய மணலில் சதுப்புப் புல்லை நட்டுத் தேர்ச்சி பெற்றிருந்த செனிகா, புரூம் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வரவழைக்கப்பட்டு, அண்டைச் சதுப்பிலிருந்து நாற்றுப் பெயர்த்து நட்டனர்; உரமிட்டபோது, சிறப்பாகப் பாஸ்பரஸ் இட்டபோது, நாற்றுகள் நன்கு பிடித்தன. எனினும், அதே எண்ணெய் படிந்தும் யந்திரம் தீண்டாத கான்டெல் சதுப்பு 1990-க்குள் முற்றும் மீண்டிருக்க, வாரப்பட்ட ஈல் கிராந்த் அதுவரை தன் பழைய பரப்பை எட்டவில்லை. எண்ணெய் செய்த கேட்டைவிட அதனை அகற்றிய கை செய்த கேடு பெரிது என்று துணிந்து கூறலாம்.

அப்படியானால் ஒன்றும் செய்யாதிருப்பதே உத்தமம் என்று முடிவுகட்டலாமோ எனில், 1974-இல் மெகல்லன் நீரிணையில் சிக்கிய மெட்டுலா கப்பலின் கதை அதற்கு இடந்தராது. அங்கு யாரும் துப்புரவு செய்யவில்லை; எண்ணெய் மணலோடும் கூழாங்கல்லோடும் இறுகித் தார்ச்சாலைபோல் உறைந்தது; கனமாகப் படிந்த சதுப்புகள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தேறவில்லை. ஆகவே எண்ணெயின் கனம், குளிர், அலையின் வேகம் ஆகியவற்றை அளந்தே தீர்மானிக்க வேண்டும் என்ற பக்குவம் வந்தது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நியாயஸ்தலங்களை அடைந்தது. 1973-இல் போர்ட்டோ ரிக்கோ தீவருகே தரைதட்டிய ஜோயி கோலோகோட்ரோனிஸ் கப்பலின் மாலுமித் தலைவர், கப்பலை மிதக்கவைக்க 5,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெயைக் கடலில் விடச் செய்ததால் கண்டற்காடு நாசமுற்றது. கீழ்க்கோர்ட்டு, மடிந்த சிற்றுயிர்கள் ஒன்பது கோடிக்கு மேல் எனக் கணக்கிட்டு, ஒன்றுக்கு 6 சென்ட் வீதம் விலைப்பட்டியல் பார்த்து நஷ்டஈடு விதித்தது. புழுவையும் நத்தையையும் வாங்கி விஷச் சேற்றில் விடுவதால் என்ன பயன் என்பதை நினைத்தால் சிரிப்பே வரும். 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கணக்கைத் தள்ளி, நிலத்தை இயன்றவரை முன்னிருந்த நிலைக்குக் கொணர ஆகும் நியாயமான செலவே அளவுகோல் என்றது. எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பலின் விபத்துக்குப் பின் 1990-இல் இயற்றப்பட்ட அமெரிக்க எண்ணெய் மாசுச் சட்டமும் புனருத்தாரணச் செலவையே நஷ்டஈட்டின் அடிப்படையாகக் கொண்டது.

அதே ஆண்டுத் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஆர்தர் கில் நீரிணையில் எக்ஸான் நிறுவனத்தின் நீரடிக் குழாயிலிருந்து 5,67,000 காலன் எண்ணெய் கசிந்தது. பெறப்பட்ட நஷ்டஈட்டின் உதவியால் மாநகரப் பூங்கா இலாகா ஸ்பார்ட்டினா புல்நாற்றுகளைப் பெருவாரியாக நட்டது. நாற்றைத் தின்ன வந்த வாத்தினப் பறவைகளைத் தடுக்க வேலியும் இட வேண்டியிருந்தது.

ஈல் கிராந்தின் இழப்பை மதிப்பிட முடிந்ததற்குக் காரணம், விபத்துக்கு ஏழாண்டு முன்னரே, 1971-இல், எடுக்கப்பட்டிருந்த விமானப் புகைப்படங்கள். எண்ணெய்க் கப்பல்கள் வந்துபோகும் துறைகளை அடுத்த கழிகளைப் பரிபாலிக்கும் அதிகாரிகள், அவற்றின் மண்மட்டத்தையும் செடிப்பரப்பையும் இன்றே அளந்து பதிவுசெய்து வைக்குமாறு வேண்டுகிறேன்.