ஒரு வீதி, பல பொறுப்பாளர்கள்: கொழும்புத் தமிழர் அறிய வேண்டியவை

வெள்ளவத்தையில் காலி வீதி உடைந்தால் யாரிடம் முறையிடுவது? அது ஏ2 தேசிய நெடுஞ்சாலை. 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையே அதற்குப் பொறுப்பு. அதிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளும் கொட்டாஞ்சேனையின் உட்தெருக்களும் பொதுவாகக் கொழும்பு மாநகர சபைக்குரியவை. நகரின் கழிவுநீர்க் குழாய்களும் மாநகர சபையிடமே உள்ளன. குடிநீர்க் குழாய்களோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம். ஒருவர் தோண்டிய குழியை மற்றவர் மூட வேண்டும் எனக் கைகாட்டுவது இதனால்தான்.

அதற்கு மருந்து எழுத்து மூலமான கேள்வி. தோண்ட அனுமதித்தது யார், ஒப்பந்தக்காரர் யார், எப்போது மூட வேண்டும் என 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின் ஆணைக்குழு உண்டு. கொழும்பிலும் தமிழில் எழுதிப் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடமளிக்கிறது.

வீதி அகலிப்புக்குக் காணி எடுப்பதானால், 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டின் மீள்குடியேற்றக் கொள்கை. போரால் இடம்பெயர்ந்து வந்து வாடகைக்கு இருப்போர் வாடகை ஒப்பந்தம், மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.