அனியின் தீர்ப்பு: அச்செபேயின் உமுவோஃபியாவில் மண்ணும் சட்டமும்

சினுவா அச்செபேயின் முதல் நாவல் 1958இல் லண்டனில் வெளிவந்தது. தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் அறியப்படுகிறது. அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. இக்போ மரபின் உருவமாக ஒக்கோங்வோ நிற்கிறான், வெள்ளையர் வருகிறார்கள், மரபு உடைகிறது, அதோடு அவனும் உடைகிறான் என்பதே அந்த வாசிப்பு. இதை ஏற்றால் நாவலின் 25 இயல்களில் முதல் பதின்மூன்றும் வெறும் பின்னணியாகிவிடும். கோலா கொட்டை உடைப்பதும், கிழங்கு விதைப்பதும், முகமூடி தரித்த மூதாதையர் வழக்குத் தீர்ப்பதும் வாசகருக்குக் காட்டும் ஊர்க்காட்சிகளாகச் சுருங்கும். ஆனால் நாவலின் வழக்கு விசாரணையில் பெரும்பகுதி அந்தப் பதின்மூன்று இயல்களில்தான் நடக்கிறது. ஒக்கோங்வோ மீது தீர்ப்புச் சொல்வது மாவட்ட ஆணையரின் நீதிமன்றம் அல்ல. அனி என்னும் மண் தெய்வம் அவனை ஏற்கெனவே பலமுறை குற்றவாளி என்று கண்டிருக்கிறது. அவன் மரபின் பிரதிநிதி அல்லன். மரபோடு ஓயாமல் மோதியவன் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வட இக்போ வழக்கில் அனி என்றும் ஓவெரி பக்கத்தில் அலா என்றும் வழங்கும் இத்தெய்வம் விளைச்சலைத் தருவது. அதோடு செத்தவர்களைத் தன்னுள் வாங்கிக்கொள்வது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1929இன் பெண்கள் போருக்குப் பிறகு இக்போ நாட்டை ஆராய அனுப்பப்பட்ட அரசாங்க மானிடவியலாளர் சி. கே. மீக், 1937இல் வெளியிட்ட தம் நூலில் அலாவை ஒழுக்கத்தின் ஊற்றாகவும் சட்டத்தின் முதன்மைப் பிடிமானமாகவும் விவரிக்கிறார். கொலை, விளைபொருள் திருட்டு, இரட்டைப் பிள்ளை பெறுதல் ஆகிய மூன்றும் அவளுக்கு எதிரான குற்றங்களே. பரிகாரம் செய்யாவிட்டால் தண்டனை குற்றவாளியோடு நிற்காது. ஊர் முழுவதன் விளைச்சலும் போகும். அரசன் இல்லாத ஒரு சமூகம் எதைக் கொண்டு தன்னைக் கட்டிக் காத்தது என்று கேட்டால், பதிலின் பெரும்பகுதி இங்கே கிடைக்கிறது.

ஒக்கோங்வோவின் முதல் குற்றம் அமைதி வாரத்தில் நிகழ்கிறது. விதைப்புக்கு முந்தைய அந்த வாரத்தில் அக்கம்பக்கத்தாரிடம் கடுஞ்சொல்கூடச் சொல்லக்கூடாது. இளைய மனைவி ஒஜியுகோ தலை பின்னிக்கொள்ளப் போய் நேரத்தில் சமைக்கவில்லை என்று அவளை அடிக்கிறான். மற்ற மனைவியர் இருவரும் ஓடிவந்து எந்த வாரம் என்று நினைவூட்டியும் நிறுத்துவதில்லை. இருட்டுவதற்குள் அனியின் பூசாரி எஸெயானி அவன் வாசலுக்கு வருகிறார். நீட்டிய கோலாவை வாங்க மறுக்கிறார். ஒரு பெண் ஆடு, ஒரு கோழி, ஒரு துணி, நூறு சோழி என்று தண்டம் விதிக்கிறார். ஒக்கோங்வோ சொன்னபடி கொடுக்கிறான்; அதற்கு மேல் ஒரு குடம் பனங்கள்ளும் சேர்த்துக் கொண்டுபோகிறான். உள்ளுக்குள் வருந்துகிறான். ஆனால் தவறு செய்தேன் என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளும் ஆள் அல்லன் என்பதால், தெய்வத்தையே மதிக்காதவன் என்று ஊர் பேசத் தொடங்குகிறது.

இந்த நிகழ்வை ஒட்டி ஒரு சிறிய உரையாடல் வருகிறது. நாவலில் நான் மிகுதியாக மதிக்கும் இடங்களில் ஒன்று அது. ஊரின் மூத்தவரான எஸெயுடு, முன்காலத்தில் அமைதியைக் குலைத்தவனை உயிர் போகும்வரை தரையோடு இழுத்துச் சென்றார்கள் என்று தம் தகப்பனார் சொன்னதை நினைவுகூர்கிறார். அமைதியைக் காக்க வந்த தண்டனையே அமைதியைக் கெடுத்ததால் அது கைவிடப்பட்டது. உடனே வேறொரு ஊரின் வழக்கத்தைப் பற்றிப் பேச்சு திரும்புகிறது. அங்கே அந்த வாரத்தில் இறந்தவர்களைப் புதைக்காமல் தீய காட்டில் எறிகிறார்கள். விளங்காமல் செய்யும் கெட்ட வழக்கம் அது என்கிறார் எஸெயுடு. ஆக, வெள்ளையன் யாரும் வந்து சொல்லாமலே ஒக்கோங்வோவின் ஊரான உமுவோஃபியா தன் சட்டத்தைத் தானே எடைபோட்டிருக்கிறது, திருத்தியிருக்கிறது, அண்டை ஊரின் வழக்கத்தைக் குறை சொல்லியிருக்கிறது. மாறாத மரபு என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் ஒன்று இந்த நாவலில் எங்கும் இல்லை. மாறாமல் நிற்பவன் ஒக்கோங்வோ ஒருவனே.

இரண்டாவது வழக்கு இக்கெமெஃபூனாவின் கொலை. போரைத் தவிர்க்க ம்பைனோ ஊர் ஈடாகக் கொடுத்த சிறுவன் மூன்றாண்டுகள் ஒக்கோங்வோவின் வீட்டில் வளர்கிறான்; அவனை அப்பா என்று அழைக்கிறான். குறிசொல்லும் தெய்வம் அவன் உயிரைக் கேட்டபோது, அந்தச் சாவில் நீ கைவைக்காதே என்று எஸெயுடு நேரில் வந்து எச்சரிக்கிறார். ஒக்கோங்வோ உடன் செல்கிறான். கோழை என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயத்தில் தானே வெட்டுகிறான். பிறகு நண்பன் ஒபியேரிக்கா சொல்வது மிகவும் நுட்பமானது. தெய்வத்தின் கட்டளையை அவன் மறுக்கவில்லை. தன் மகனையே கொல்லச் சொன்னாலும் எதிர்த்து வாதாட மாட்டான். ஆனால் அதைச் செய்பவனாகவும் இருக்கமாட்டான். இப்படிப்பட்ட செயலுக்குத்தான் மண் தெய்வம் குடும்பங்களையே அழிக்கிறது என்கிறான். குறிதெய்வத்தின் ஆணைக்கும் மண்ணின் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அறிவுள்ளவன் அங்கே ஒதுங்கி நிற்பான். மரபு தந்த அந்த இடத்தை ஒக்கோங்வோ பயன்படுத்திக்கொள்ளவில்லை.

எந்தப் பயம் அவனை அங்கே தள்ளியது என்பதைக் காட்ட அச்செபே ஒரு சொல்லை வைத்திருக்கிறார். சிறுவயதில் விளையாட்டுத் தோழன் ஒருவன் அவன் தகப்பன் உனோகாவை 'அக்பாலா' என்று பழித்தான். பெண்ணுக்கும் பட்டம் எதுவும் பெறாத ஆணுக்கும் அது ஒரே சொல். மலைகளிலும் குகைகளிலும் உறையும் குறிதெய்வத்தின் பெயரும் நாவலில் அதே எழுத்துகளில் வருகிறது. அதன் அனுமதி இல்லாமல் உமுவோஃபியா போருக்குப் போனதே இல்லை. தான் வாழ்நாள் முழுவதும் விலகி ஓடிய பெயரை ஊரின் படையெடுப்புகளே வணங்கிக் கிளம்பின என்பதை ஒக்கோங்வோ ஒருபோதும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவது குற்றம் அறியாமல் நேர்ந்தது. எஸெயுடுவின் இறுதிச் சடங்கில் அவனுடைய துப்பாக்கி வெடித்து இறந்தவரின் பதினாறு வயது மகன் சாகிறான். அறியாமல் செய்த கொலையைப் பெண்பால் குற்றம் என்கிறது சட்டம். தண்டனை ஏழு ஆண்டு ஊர்நீக்கம். விடிந்ததும் போர்க்கோலத்தில் ஆண்கள் வந்து அவன் வீடுகளைக் கொளுத்துகிறார்கள், மதிலை இடிக்கிறார்கள், கால்நடைகளைக் கொல்கிறார்கள். அவர்களில் ஒபியேரிக்காவும் ஒருவன். யாருக்கும் அவன்மேல் பகை இல்லை. கறைபட்ட மண்ணைக் கழுவுகிறார்கள், அவ்வளவே. வீடு திரும்பிய ஒபியேரிக்கா யோசிக்கிறான்: தெரியாமல் செய்ததற்கு ஏன் இத்தனை துன்பம்? தன் மனைவி பெற்று, தான் எறிந்துவிட்டு வந்த இரட்டைக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன?

அனியைக் கனிவின் உருவமாக்கி, ஒக்கோங்வோவின் முரட்டு ஆண்மைக்கு மாற்றாக நிறுத்தும் பெண்ணிய வாசிப்பு ஒன்று உண்டு. பியோடுன் ஜெயிஃபோ 1993இல் 'ஒக்கோங்வோவும் அவன் தாயும்' என்ற கட்டுரையில், நாவல் பெயர்கூடச் சொல்லாமல் விட்ட தாயை மீட்டெடுத்தது முக்கியமான திருப்பம். ஆயினும் பெண்மையைக் கனிவோடு சமன்படுத்திவிட்டால் தீய காட்டில் அழும் குழந்தைகளை எங்கே வைப்பது? அவர்களை எறியச் சொன்னதும் அதே மண்தான். அதன் பூசாரி ஓர் ஆண். ஒபியேரிக்காவின் கேள்வி அந்த நீதிமன்றத்தை நோக்கியே எழுகிறது, அவனுக்குப் பதில் கிடைப்பதில்லை. அச்செபேயின் நேர்மை இங்கே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: ஒகிடியில் மதபோதகரின் மகனாக 1930இல் பிறந்தவர், தாம் இழந்த உலகத்துக்கு ஏங்கிக்கொண்டே அதன் கொடுமையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஊர்நீக்கத்தில் தாயின் ஊரான ம்பாந்தாவுக்குப் போன ஒக்கோங்வோவை மாமன் உச்செந்து உட்கார்த்திக் கேட்கிறார்: பிள்ளைகள் தகப்பன் வீட்டுக்கு உரியவர்கள் என்றால், 'தாயே பெரியவள்' என்னும் பொருளில் நம்மில் இத்தனை பேருக்கு ந்னேக்கா என்று ஏன் பெயர் வைக்கிறோம்? அவனுக்கு விடை தெரியவில்லை. மூன்று இயல்கள் கழித்து, ம்பாந்தாவின் தேவாலயத்தில் சேரும் முதல் பெண்ணின் பெயர் ந்னேக்கா. நான்கு முறை இரட்டையரைப் பெற்று நான்கு முறையும் பறிகொடுத்தவள், இப்போது மறுபடி நிறைமாதம். இந்தப் பெயர்த் தேர்வைத் தற்செயல் என்று என்னால் கருத முடியவில்லை. தாய்க்குப் பெருமை சொன்ன மொழியே அவள் பிள்ளைகளைக் காப்பாற்றத் தவறியது. பழைய சட்டத்தின் விரிசல் அந்தப் பெண்ணின் வயிற்றிலிருந்துதான் தொடங்குகிறது. பாதிரிமார் அந்த விரிசல் வழியே உள்ளே வந்தார்கள். அதை உண்டாக்கியவர்கள் அவர்கள் அல்லர்.

கடைசி வழக்கில் குற்றவாளியே தண்டனையையும் நிறைவேற்றிக்கொள்கிறான். ஊர்நீக்கம் முடிந்து திரும்பியபின், வெள்ளையரின் நீதிமன்ற ஏவலனை வெட்டிவிட்டு, ஊர் தன்னோடு எழாது என்று உணர்ந்தவன் வீட்டின் பின்புறம் தூக்கிட்டுக்கொள்கிறான். தற்கொலை மண்ணுக்கு எதிரான குற்றம். சொந்த ஊரார் உடலைத் தொடக்கூடாது. அந்நியர்கள்தான் இறக்கிப் புதைக்க வேண்டும், பிறகு நிலத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டும். உனோகாவும் மண் ஏற்காத நோயால் வீங்கி, புல்லாங்குழலோடு தீய காட்டுக்குத் தூக்கிப்போகப்பட்டுப் புதைகுழி இல்லாமல் செத்தவன். தகப்பனைப் போல ஆகிவிடக்கூடாது என்று மகன் எடுத்த ஒவ்வொரு அடியும் அவனைத் தகப்பன் கிடந்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. மாவட்ட ஆணையர் தம் புத்தகத்தில் இவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று நினைக்கும்போது, மண்ணின் வழக்கு முடிந்துபோய்விட்டிருக்கிறது.

அதற்காக அந்தச் சட்டம் ஆணையரின் வருகையோடு அழிந்துவிட்டது என்றும் கொள்ள முடியாது. 1960இல் வந்த இரண்டாவது நாவலில், இக்கெமெஃபூனாவின் சாவு மனத்தை முறித்ததால் தகப்பனை விட்டுப் பிரிந்த ஒக்கோங்வோவின் மகன் நுவோயே முதியவராக வருகிறார். பெயர் இப்போது ஐசக் ஒக்கோங்வோ, ஓய்வுபெற்ற மதபோதகர். அவர் இளைஞனாக இருந்த ம்பாந்தாத் திருச்சபையில், ஒதுக்கப்பட்ட ஓசு குலத்தாரை உள்ளே விடக்கூடாது என்ற எதிர்ப்பை போதகர் கியாகா உறுதியாக மறுத்திருந்தார். அந்தத் திருச்சபையில் சேர்ந்த ஐசக்கே, தம் மகன் ஓபி ஓசு குலத்துக் கிளாராவை மணக்கக்கூடாது என்று தடுக்கிறார்.